முதலாளித்துவம் சரியுமா, இறுகுமா?
சில நூல்களும் நமது அனுபவமும்

2022 ஏப்ரல், நோன்பு காலம். பெற்றோல் வரிசையில் மோட்டார் சைக்கிளோடு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு வந்தவர் என்னிடம் படிக்கும் ஒரு பிள்ளையின் வாப்பா. வெயில் ஏற ஏற அவருடைய கோபமும் ஏறியது. "சேர், இந்த நாட்டுக்கு ஹிட்லர் மாதிரி ஒருத்தன் வந்தாத்தான் எல்லாம் நேராகும். இவங்களுக்கு ஜனநாயகம் கூடிப் போயீக்கி" என்றார். பின்னால் நின்றவர் எங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர். அவர் அதை ஏற்கவில்லை. "ஒருத்தனும் வரத் தேவில்ல. வட்டியில கட்டின வீடுதானே, விழட்டும். விழுந்தாத்தான் அடுத்தது வரும்" என்றார்.

அன்று நான் பதில் சொல்லவில்லை. நோன்போடு வாக்குவாதம் வேண்டாமென்று விட்டேன் என்பது ஒரு சாட்டு. உண்மை என்னவென்றால் என்னிடம் பதில் இருக்கவில்லை. உலகத்தின் பெரிய பெரிய சிந்தனையாளர்கள் நூறு வருடங்களுக்கு மேலாக மோதிக்கொண்ட ஒரு கேள்வியின் இரண்டு முனைகளை அந்த இருவரும் ஆளுக்கொன்றாகப் பிடித்திருந்தார்கள். முதலாளித்துவச் சமூகங்கள் கடைசியில் சரிந்து விழுமா, அல்லது சரியாமல் இருப்பதற்காகச் சர்வாதிகாரமாக இறுகுமா?

நான் தமிழ் சிறப்புப் பட்டம் பெற்றவன், பொருளியல் ஆசிரியன் அல்லன். ஆனாலும் அந்த வரிசைக்குப் பிறகு இது பற்றிய சில நூல்களைத் தேடி வாசித்தேன். ஒரு நூல் எதைச் சொல்கிறது என்பதோடு எதைச் சொல்லாமல் விடுகிறது என்றும் பார்ப்பது எங்கள் துறையில் பழகிய வேலை. அந்தக் கண்ணோடு வாசித்ததில் எனக்குப் பட்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

நமது எழுத்துகளில் ஒரு பழக்கம்

முதலில் நம்மைப் பற்றி. 2008ல் அமெரிக்காவின் லீமன் பிரதர்ஸ் வங்கி விழுந்த நாள் முதல், நமது சஞ்சிகைகளில் முதலாளித்துவத்தின் முடிவைப் பற்றிய கட்டுரைகளுக்குக் குறைவில்லை. அவற்றின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். மேற்கில் ஒரு நெருக்கடி வரும், அதன் காரணம் வட்டி என்று காட்டப்படும், இஸ்லாமியப் பொருளாதாரமே மாற்று என்று கட்டுரை முடியும். வட்டி ஹராம் என்பதில் எனக்கு வாதமில்லை. வட்டி எப்படி ஏழையை விழுங்குகிறது என்பதை நுண்கடன் கம்பனிகளிடம் மாட்டிக்கொண்ட நமது பெண்களிடம் கேட்டாலே போதும். என் வாதம் வேறு. இந்தக் கட்டுரைகள் வீழ்ச்சியை ஒரு தீர்ப்பாகப் பார்க்கின்றன. தீர்ப்பு வந்தால் குற்றவாளி தண்டிக்கப்படுவான், நிரபராதி விடுதலையாவான் என்ற எதிர்பார்ப்பு அவற்றின் அடியில் இருக்கிறது. வரலாற்றில் பொருளாதார வீழ்ச்சி அப்படி நடந்துகொண்டதே இல்லை. வீடு விழும்போது கட்டியவன் வெளியே போய்விடுகிறான், கூலிக்கு இருந்தவன்தான் உள்ளே அகப்படுகிறான்.

எங்கள் பள்ளிவாசல் நண்பரின் பேச்சில் இருந்த பிழையும் இதுவே. ஆட்டோக்கார வாப்பாவின் பேச்சில் இருந்த பிழை இன்னும் பாரதூரமானது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நூல்கள் சொல்வது என்ன?

இந்தக் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டவர்கள் நால்வர். கார்ல் மார்க்ஸ் 1867ல் மூலதனத்தின் முதல் பாகத்தை வெளியிட்டவர் என்பது தெரிந்ததே. முதலாளித்துவம் தன் உள்முரண்களாலேயே முடிவுக்கு வரும் என்ற எதிர்பார்ப்பு அவரோடு தொடங்குகிறது. பின்வந்த நால்வரும் ஏதோ ஒரு வகையில் அவருக்குப் பதில் சொல்பவர்கள்தான்.

முதலாமவர் ஜோசப் சும்பீட்டர். 1919ல் ஒஸ்ட்ரியாவின் நிதியமைச்சராகச் சில மாதங்கள் இருந்தவர், பின்னர் அமெரிக்காவின் ஹார்வர்டில் பேராசிரியர். 1942ல் வந்த 'முதலாளித்துவம், சோசலிசம், ஜனநாயகம்' என்ற நூலில் அவர் சொல்வது விசித்திரமானது. முதலாளித்துவம் நிலைக்காது, ஆனால் அது தோல்வியால் சாகாது, தன் வெற்றியாலேயே சாகும் என்கிறார். பெரிய கம்பனிகள் வளர வளர, துணிந்து தொழில் தொடங்கும் தனிமனிதனின் இடத்தைச் சம்பளத்துக்கு வேலை செய்யும் நிர்வாகி பிடிப்பான், அந்த அமைப்புக்காகப் பரிந்து பேச ஆளில்லாமல் போகும் என்பது அவர் வாதம்.

இரண்டாமவர் பிரீட்ரிக் ஹயக். 1944ல் எழுதிய 'அடிமைத்தனத்துக்கான பாதை' என்ற நூலில் ஆபத்தை எதிர்ப்பக்கத்தில் காட்டுகிறார். அரசு பொருளாதாரத்தைத் திட்டமிடத் தொடங்கினால் அது படிப்படியாக மனிதர்களின் வாழ்வையும் திட்டமிடும், முடிவு சர்வாதிகாரம். சந்தையைச் சுதந்திரமாக விட்டால் மனிதனும் சுதந்திரமாக இருப்பான் என்பது இதன் மறுபக்கம்.

மூன்றாமவர் கார்ல் போலன்யி. அவருடைய 'பெரும் மாற்றம்' என்ற நூலும் அதே 1944ல்தான் வெளிவந்தது. வியன்னாவில் பிறந்து, புடாபெஸ்டில் வளர்ந்து, 1933ல் பாசிசத்தின் நிழல் விழத் தொடங்கியபோது இங்கிலாந்துக்குப் போனவர். உழைப்பு, நிலம், பணம் மூன்றும் விற்பதற்காக உற்பத்தி செய்யப்பட்ட சரக்குகள் அல்ல என்கிறார். உழைப்பு என்பது மனிதனின் வாழ்வு, நிலம் என்பது இயற்கை, பணம் என்பது ஒரு சமூக ஏற்பாடு. இவற்றையும் கத்தரிக்காய் போலச் சந்தையில் விட்டால் சமூகம் சிதையும். சிதைவதைச் சமூகம் கைகட்டிப் பார்த்துக்கொண்டிராது, தன்னைக் காத்துக்கொள்ள ஓர் எதிர் அசைவை எடுக்கும். அந்த எதிர் அசைவு தொழிற்சங்கமாகவும் தொழிற்சாலைச் சட்டமாகவும் வரலாம், பாசிசமாகவும் வரலாம்.

நான்காமவர் நம் காலத்தவர், ஜேர்மனியச் சமூகவியலாளர் வொல்ப்காங் ஸ்ட்ரீக். 'முதலாளித்துவம் எப்படி முடியும்?' என்ற நூல் 2016ல் வந்தது. அவர் பார்வையில் இது ஒரே நாளில் விழும் கட்டடம் அல்ல. வளர்ச்சி குறைந்து, கடன் கூடி, ஏற்றத்தாழ்வு பெருகி, மாற்று எதுவும் வராமலேயே நீண்ட காலம் அழுகிக்கொண்டிருக்கும் ஒன்று. பழையது சாகிறது, புதியது பிறக்கவில்லை.

இந்த நால்வரையும் அடுத்தடுத்து வாசித்தபோது ஒன்று புலப்பட்டது. 'சரிவா, சர்வாதிகாரமா' என்று கேள்வியைப் பிரித்து வைப்பதே பிழை. போலன்யியை ஊன்றி வாசித்தால் இவை இரண்டும் ஒரே பாதையின் இரண்டு தரிப்பிடங்கள். சரிவு வருகிறது, சரிவின் சுமையை யார் தலையில் வைப்பது என்ற சண்டை வருகிறது, அந்தச் சண்டையைத் தீர்க்க முடியாத பாராளுமன்றத்தின் இடத்தில் ஒரு கடும்கை ஆள் வந்து நிற்கிறான். இது உண்மையா என்று பார்க்க, வாப்பா பெயர் சொன்ன அந்த ஆளின் நாட்டுக்கே போவோம்.

1923 அல்ல, 1930

ஜேர்மனியைப் பற்றி நாம் பொதுவாகக் கேள்விப்பட்ட கதை இது: பணம் காகிதமானது, மக்கள் வெறுத்துப் போனார்கள், ஹிட்லர் வந்தான். ஆண்டுகளைப் பார்த்தால் கதை அப்படி இல்லை. பணம் காகிதமானது 1923ல். அந்த நவம்பரில் ஒரு டொலருக்கு 4.2 இலட்சம் கோடி மார்க். அதே மாதம் மியூனிக்கில் ஹிட்லர் ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்து, தோற்று, சிறைக்குப் போனான். குடியரசு தப்பியது. ஐந்து வருடம் கழித்து 1928 தேர்தலில் அவனுடைய கட்சிக்குக் கிடைத்தது 2.6 சதவீத வாக்கு, 12 ஆசனம்.

அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். 1929ல் உலகப் பெருமந்தம். 1930 மார்ச்சில் புரூனிங் என்பவர் பிரதமரானார். அரசியலமைப்பின் 48ஆம் உறுப்புரையைப் பிடித்துக்கொண்டு, பாராளுமன்றத்தின் பெரும்பான்மை இல்லாமலேயே ஜனாதிபதியின் அவசர ஆணைகளால் ஆண்டார். அந்த ஆணைகளின் உள்ளடக்கம் என்ன? அரச ஊழியர் சம்பளக் குறைப்பு, வேலையற்றோர் கொடுப்பனவுக் குறைப்பு, வரி உயர்வு. வேலையற்றோர் தொகை ஏறக்குறைய 60 இலட்சத்தைத் தொட்டது. 1930 செப்டம்பரில் நாசிகளுக்கு 107 ஆசனம், 1932 ஜூலையில் 230.

ஆக, சரிவு மட்டும் ஹிட்லரைக் கொண்டுவரவில்லை. சரிவின் சுமை முழுவதையும் கீழே இருப்பவர்களின் தோளில் ஏற்றி, அதைக் கேள்வி கேட்கும் இடமான பாராளுமன்றத்தையும் ஓரம் கட்டிய மூன்று வருடங்கள்தான் கதவைத் திறந்தன. இன்னுமொரு விடயம்: 1932 நவம்பர் தேர்தலில் நாசிகள் 34 ஆசனங்களை இழந்தார்கள். அலை இறங்கத் தொடங்கியிருந்தது. அப்படியிருந்தும் 1933 ஜனவரி 30ஆம் திகதி ஹிட்லர் பிரதமராக்கப்பட்டான். கூப்பிட்டவர்கள் பழைமைவாத அரசியல்வாதிகள். இவனை முன்னால் வைத்து நாம் பின்னாலிருந்து ஆளலாம் என்று கணக்குப் போட்டார்கள். மே 2ஆம் திகதி தொழிற்சங்க அலுவலகங்கள் கைப்பற்றப்பட்டன. கணக்குப் போட்டவர்களின் கட்சிகளும் ஜூலைக்குள் இல்லாமல் போயின.

இப்படித்தான் ஆகவேண்டும் என்று விதியா? அதே 1933ல் வேறு இரண்டு நாடுகளைப் பாருங்கள். சுவீடனில் சமூக ஜனநாயகக் கட்சி, விவசாயிகளின் கட்சியோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. விவசாயிக்கு விலைப் பாதுகாப்பு, தொழிலாளிக்கு வேலைத்திட்டம். அந்த நாட்டின் நலன்புரி அரசுக்கு அது அடித்தளமானது. அமெரிக்காவில் நான்கில் ஒருவருக்கு வேலையில்லாத நிலையில் ரூஸ்வெல்ட் பதவிக்கு வந்தார். 1935ல் தொழிற்சங்க உரிமைச் சட்டமும் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. அமெரிக்காவைப் புகழ்ந்து முடிக்கவும் முடியாது. அந்தச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து பண்ணைத் தொழிலாளர்களும் வீட்டுப் பணியாளர்களும் விலக்கப்பட்டார்கள், அதனால் கறுப்பின மக்களில் பெரும்பகுதியினர் வெளியே நின்றார்கள். ஆனாலும் ஒன்று தெளிவு. நெருக்கடி ஒன்றுதான், முடிவுகள் வேறு வேறு. வேறுபடுத்தியது சுமையைப் பகிர்ந்த விதமும், சாதாரண மக்களுக்கு இருந்த அமைப்பு பலமும்.

ஹயக்குக்கு இலங்கையின் பதில்

சந்தை சுதந்திரமாக இருந்தால் மனிதனும் சுதந்திரமாக இருப்பான் என்ற ஹயக்கின் வாதத்துக்கு 1973 செப்டம்பர் 11க்குப் பிந்திய சிலி நாட்டை எல்லோரும் மறுப்பாகக் காட்டுவார்கள். சிகாகோவில் படித்த பொருளியலாளர்கள் சந்தையைத் திறக்க, ஜெனரல் பினோஷேயின் இராணுவம் சிறைகளைத் திறந்தது. ஆனால் நாம் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

1977ல் இங்கே திறந்த பொருளாதாரம் வந்தது. 1978ல் நிறைவேற்றதிகார ஜனாதிபதி முறை வந்தது. இரண்டையும் ஒரே கைதான் கொண்டுவந்தது. 1979ல் பயங்கரவாதத் தடைச் சட்டம். அதே வருடம் பங்கீட்டு அரிசியின் இடத்தில் உணவு முத்திரை. 1980 ஜூலையில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்களில் சுமார் 40,000 பேர் வேலையிழந்தார்கள். அந்த ஒக்டோபரில் முன்னாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமை பறிக்கப்பட்டது. 1982 டிசம்பர் 22ல் பொதுத்தேர்தலுக்குப் பதிலாக ஒரு சர்வஜன வாக்கெடுப்பு நடத்தி, இருந்த பாராளுமன்றத்தையே இன்னும் ஆறு வருடம் நீட்டிக்கொண்டார்கள். சந்தை திறக்கத் திறக்க அரசியல் மூடிக்கொண்டே வந்தது. திட்டமிடலால் மட்டுமே சர்வாதிகாரம் வரும் என்ற ஹயக்கின் பாதை வரைபடத்தில் இந்தத் தெரு இல்லவே இல்லை.

இங்கே நியூட்டன் குணசிங்க என்ற நமது நாட்டுச் சமூகவியலாளரை நினைவுபடுத்த வேண்டும். 1983க்குப் பிறகு திறந்த பொருளாதாரத்துக்கும் இன உறவுகளுக்கும் உள்ள தொடர்பு பற்றி அவர் எழுதிய கட்டுரை அளவில் சிறியது, பார்வையில் பெரியது. 1977க்கு முன் அனுமதிப்பத்திரம், கோட்டா என்று அரசின் தயவில் தொழில் செய்த சிங்களச் சிறு, நடுத்தர முதலாளிகள் இறக்குமதி வெள்ளத்தில் அடிபட்டார்கள். அரசின் தயவு பெரிதும் கிடைக்காமல் சந்தையை நம்பியே பழகியிருந்த தமிழ், முஸ்லிம் வியாபாரிகள் அந்த வெள்ளத்தில் ஓரளவு நீந்தினார்கள். அடிபட்டவனின் கோபம் கொள்கையின் மேல் போகவில்லை, பக்கத்துக் கடைக்காரனின் மேல் போனது.

கோபம் யார் மேல் திரும்புகிறது?

போலன்யியின் நூலில் எனக்குப் பெரிய குறையாகப் படுவதும் இந்த இடம்தான். சமூகம் தன்னைக் காத்துக்கொள்ள எதிர் அசைவு எடுக்கும் என்கிறார். யார் அந்தச் சமூகம்? யாரிடமிருந்து காத்துக்கொள்கிறது? ஓர் ஊரில் பெரும்பான்மை 'நம்மைக் காத்துக்கொள்வோம்' என்று எழும்பும்போது அதே ஊரில் கடை வைத்திருக்கும் சிறுபான்மையினனும் அந்த 'நம்மில்' சேர்த்தியா? யூத வம்சாவளியில் வந்து, பாசிசத்தால் இடம்பெயர்ந்த ஒருவரின் நூலில் இந்தக் கேள்வி பிரதான இடம் பெறாதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஹிட்லர் பதவிக்கு வந்து இரண்டு மாதம் ஆகுமுன்பே நாடு தழுவிய ஒரு பகிஷ்கரிப்புக்குத் திட்டம் போட்டாயிற்று. 1933 ஏப்ரல் 1ஆம் திகதி அது நடந்தது. இலக்கு வங்கிகளின் அமைப்பல்ல, யூதர்களின் கடைகள்.

இந்தக் காட்சி நமக்குப் புதிதல்ல. கம்பளையில் பெரஹர ஊர்வலத்தோடும் பள்ளிவாசலோடும் தொடங்கிய பிரச்சினை, 1915ல் கரையோர முஸ்லிம் வியாபாரிகளின் கடைகளை எரிப்பதில் போய் நின்றது. முதல் உலக யுத்த காலத்து விலையேற்றத்துக்கு அவர்களே காரணமென்ற பேச்சு அப்போது பரவியிருந்தது. அந்தக் கலவரத்தின் பொருளாதாரப் பின்னணியைக் குமாரி ஜயவர்தன போன்றவர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். 2013ல் ஹலால் சான்றிதழுக்கு எதிரான பிரசாரம். 2014 ஜூனில் அளுத்கம. 2018 மார்ச்சில் திகன. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு மே மாதத்தில் வடமேல் மாகாணமும் மினுவாங்கொடையும். ஒவ்வொரு முறையும் உடைந்தது கடை. 'முஸ்லிம் கடையில் வாங்காதீர்கள்' என்ற வாசகம் 1933ன் பேர்லினிலிருந்து யாரும் மொழிபெயர்த்துக் கொண்டுவந்ததல்ல, இங்கேயே முளைத்தது.

2018ல் ஒரு மூத்த பௌத்த மதகுரு, அப்போது ஜனாதிபதி வேட்பாளராகப் பேசப்பட்டவரிடம், தேவையென்றால் ஹிட்லராகவேனும் மாறி நாட்டைக் கட்டியெழுப்புங்கள் என்ற கருத்தில் பகிரங்கமாகப் பேசினார். வரிசையில் நின்ற வாப்பா ஹிட்லரின் பெயரைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. காற்றில் இருந்ததை எடுத்துச் சொன்னார். அவர் விரும்பிய ஆள் 2019 நவம்பரிலேயே வந்து விட்டிருந்தார் என்பதும், அந்த ஆட்சியின் விளைவில்தான் தாம் நிற்கிறோம் என்பதும் அவருக்கு அந்த வெயிலில் தோன்றவில்லை.

அந்த ஆட்சி நம்மிடம் எதைக் காட்டியது? 2020 ஏப்ரல் 11 வர்த்தமானியின் பின் கொவிட்டில் மரணித்த நமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. பிறந்து இருபதே நாளான ஒரு குழந்தையும் அவற்றில் அடங்கும். உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்வதை அனுமதித்திருந்தும், 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் நிலம் திறக்கும்வரை இது தொடர்ந்தது. எரியும் அந்த நாட்களுக்கு நடுவில்தான், 2020 ஒக்டோபர் 22ல், ஜனாதிபதிக்கு அதிகாரங்களை அள்ளிக்கொடுத்த 20ஆவது திருத்தத்துக்கு எதிரணியில் இருந்த நமது உறுப்பினர்கள் சிலர் கையுயர்த்தினார்கள். இதை மற்றவர்கள் எழுதுமுன் நாம் எழுத வேண்டும். பலமான ஆளுக்குப் பக்கத்தில் நின்றால் பாதுகாப்பு என்று நினைப்பது வாப்பா ஒருவரின் பிழை மட்டுமல்ல.

இப்னு கல்தூனை எப்படி வாசிப்பது?

வீழ்ச்சி பற்றிப் பேசும் நமது கட்டுரைகளில் இப்னு கல்தூன் தவறாமல் வருவார். 1332ல் தூனிஸில் பிறந்து, 1377ல் முகத்திமாவை எழுதி, 1406ல் கெய்ரோவில் மறைந்தவர். ஆனால் அவரை ஒரு சக்கரமாகச் சுருக்கிவிடுகிறோம். மூன்று தலைமுறை, 120 வருடம், பிறகு வீழ்ச்சி. இப்படிச் சொன்னால் நமக்கு வேலை எதுவும் மிஞ்சாது, நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

அவருடைய நூலில் இதைவிடப் பயனுள்ள பகுதிகள் உண்டு. ஓர் அரசு தொடங்கும்போது சிறிய வரிவீதத்தில் பெரிய வருமானம் வரும், முடியும் காலத்தில் பெரிய வரிவீதத்தில் சிறிய வருமானமே வரும் என்கிறார். ஆட்சியாளனே வியாபாரத்தில் இறங்குவது குடிமக்களையும் அழிக்கும், வரி வருமானத்தையும் அழிக்கும் என்று தனி அத்தியாயமே வைத்திருக்கிறார். அநீதி நாகரிகத்தைப் பாழாக்கும் என்பது இன்னோர் அத்தியாயம். அங்கே அநீதி என்பது காசு கொடுக்காமல் ஒருவனின் சொத்தைப் பறிப்பது மட்டுமல்ல, கூலியில்லாமல் வேலை வாங்குவதும், நியாயமில்லாத வரி விதிப்பதும் அதில் அடங்கும். உழைப்பின் பலன் தனக்குக் கிடைக்காது என்று கண்டால் மனிதன் உழைப்பதை விட்டுவிடுவான், ஊர் வெறுமையாகும்.

2019 டிசம்பரில் வற் வரி 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைக்கப்பட்டது. 2024 ஜனவரியில் அது 18. முதல் முடிவில் பெரிய வியாபாரம் இலாபம் கண்டது. கடைசி முடிவின் சுமை, பால்மா வாங்கும் உம்மாவின் பணப்பையில் விழுந்தது. இப்னு கல்தூன் வரிவீதத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை, இப்படியான வரலாற்றைப் பற்றித்தான் பேசினார். வட்டியோடு நிறுத்திவிடாமல், அதிகாரமும் வியாபாரமும் ஒரே குடும்பத்துக்குள் படுப்பதைப் பற்றியும் எழுதினால்தான் நமது பொருளாதார விமர்சனம் முழுமையாகும்.

2022ல் நடந்தது எது?

இனி நமது அனுபவத்தை நூல்களின் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. எங்கள் பாடசாலையிலும் கேள்விகளைக் கரும்பலகையில் எழுதித்தான் பரீட்சை வைத்தேன். மாத முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஏப்ரல் 12ல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக நாடு அறிவித்தது. செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதம்.

சரிவு வந்தது. ஆனால் ஏப்ரல் 9ல் காலிமுகத்திடலில் கூடிய கூட்டம், நான் பயந்ததுபோல் கடைகளை நோக்கித் திரும்பவில்லை. அந்த நோன்பில் அங்கே திறந்தவெளியில் இப்தார் நடந்தது. சிங்களப் பிள்ளைகள் கஞ்சி பரிமாறிய காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது என் மனைவி அழுதுவிட்டாள். ஒரு வருடத்துக்கு முன் ஜனாஸா எரித்த நாடு இதுதானா என்று கேட்டாள். கோபம் முதல் முறையாக, அது போக வேண்டிய முகவரிக்குப் போனது. ஜூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டு ஓடினார். கடும்கை ஆள் சரிவின் முடிவில் வரவில்லை, சரிவோடு சேர்ந்து போனார்.

அதனால் நூல்கள் பொய்த்துவிட்டனவா? இல்லை. ஜூலை 20ல் பாராளுமன்றம் புதிய ஜனாதிபதியைத் தெரிந்தது. 22ஆம் திகதி விடியுமுன் இராணுவமும் பொலிசும் திடலைத் துப்புரவாக்கின. 2023 மார்ச் 20ல் சர்வதேச நாணய நிதியம் சுமார் 300 கோடி டொலருக்கு ஒப்புதல் கொடுத்தது. அதே மார்ச் 9ல் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல், காசில்லை என்ற காரணத்தோடு நடக்காமல் போனது. 2024 பெப்ரவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கடன்காரனுக்குக் கணக்குக் காட்ட வேண்டியபோது வாக்காளனுக்குக் கணக்குக் காட்டுவது தள்ளிப்போடப்படுகிறது. ஸ்ட்ரீக் ஐரோப்பாவைப் பற்றி எழுதியது இங்கே வார்த்தைக்கு வார்த்தை பொருந்துகிறது.

ஆனாலும் கதை அங்கேயும் முடியவில்லை. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், பொருளாதாரச் சீரழிவுக்குப் பொறுப்பானவர்கள் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. 2024 ஓகஸ்டில், உள்ளூராட்சித் தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்றது. அடுத்த மாதமே ஆட்சி வாக்குச்சீட்டால் மாறியது. தள்ளிப்போட்ட தேர்தல் 2025 மே 6ல் நடந்தது. ஸ்ட்ரீக்கின் நூலில் மக்கள் பெரும்பாலும் சகித்துக்கொண்டிருப்பவர்கள், சமாளித்துக்கொண்டிருப்பவர்கள். வழக்குத் தொடர்ந்தவர்களையும் திடலில் படுத்திருந்தவர்களையும் அவருடைய சட்டகத்துக்குள் நான் தேடினேன், அவர்களுக்கு இடமில்லை. அவருடைய நூலின் குறை அது.

முடிவாக

எனவே முதலாளித்துவச் சமூகங்கள் சரிவை நோக்கியா, சர்வாதிகாரத்தை நோக்கியா போகின்றன என்று என்னிடம் கேட்டால், திரும்பத் திரும்ப நெருக்கடியை நோக்கிப் போகின்றன என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். அதன் பிறகு எந்தப் பக்கம் என்பது மூன்று விடயங்களில் தங்கியிருக்கிறது. சுமை எப்படிப் பங்கிடப்படுகிறது? தொழிற்சங்கம், நீதிமன்றம், தேர்தல் என்று மக்கள் கையில் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா? கோபம் கொள்கையின் மேல் போகிறதா, பக்கத்து வீட்டின் மேல் போகிறதா?

மூன்றாவது கேள்வி நமக்கு உயிர்ப் பிரச்சினை. அதற்கு விடை முதலிரண்டில் இருக்கிறது என்பதை நாம் இன்னும் சரியாக உணரவில்லை. 2021ல் ஆசிரியர்-அதிபர் சம்பள முரண்பாட்டுக்காக நடந்த போராட்டத்தில் நானும் சேர்ந்திருந்தேன். நிகழ்நிலைக் கற்பித்தலிலிருந்து மூன்று மாதம் விலகியிருந்தோம். எங்கள் வலயத்தில் சிங்கள ஆசிரியர்களோடு ஒரே பாயில் உட்கார்ந்து பேசியது எனக்கு அதுதான் முதல் தடவை. 'உங்கட ஆக்கள்' என்ற சொல் அந்தக் கூட்டத்தில் யார் வாயிலும் வரவில்லை. சம்பளச் சிட்டையில் இனம் அச்சிடப்படுவதில்லை. வேலைத்தளங்களிலும் சங்கங்களிலும் நுகர்வோர் அமைப்புகளிலும் நாம் விலகி விலகி நின்றுவிட்டு, நெருக்கடி நாளில் மட்டும் மற்றவர்கள் நம்மைத் தம்மில் ஒருவராகப் பார்க்க வேண்டுமென்று எதிர்பார்க்க முடியாது.

நமது சஞ்சிகைகளுக்கும் ஒரு வேண்டுகோள். வீழ்ச்சியைப் பற்றி எழுதுவதைச் சற்றுக் குறைத்து, வீழ்ந்த இடங்களில் யார் எப்படித் தப்பினார்கள், யார் தப்பவில்லை என்று எழுதுவோம். சுவீடனின் உடன்பாடும் 1980ன் வேலைநிறுத்தமும் நமது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டிய விடயங்கள்.

அந்த வாப்பாவை இப்போதும் பாடசாலை வாசலில் காண்கிறேன். மகன் உயர்தரத்துக்கு வந்துவிட்டான், வரலாறும் ஒரு பாடம். போன தவணை வீட்டில் ஜேர்மனியைப் பற்றிச் சத்தமாகப் படித்திருக்கிறான். "சேர், அந்த மனிசன் முதல்ல கடையத்தானே பூட்டீக்கிறான்" என்றார் வாப்பா. ஆம் என்றேன். கொஞ்ச நேரம் ஆட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய தம்பிக்கு நகரத்தில் ஒரு புடவைக்கடை இருக்கிறது.